நந்தகன் என்னும் பெயர்: பஞ்சதந்திரத்து இரண்டாம் எருதின் பொருளும் வழித்தடமும்

முன்னுரை

வடமொழிக் கதையிலக்கியத்துள் பஞ்சதந்திரத்தைப் போன்று மொழி பல கடந்து சென்ற நூல்கள் மிகச் சிலவே. அதன் முதல் தந்திரமாகிய மித்திரபேதம், ஒரு சிங்கத்துக்கும் ஓர் எருதுக்கும் இடையே மலர்ந்த நட்பையும், நரியொன்று அந்நட்பைக் குலைத்த வகையையும் கூறுகிறது. சிங்கத்தின் பெயர் பிங்கலகன். எருதின் பெயர் சஞ்சீவகன். நரிகள் கரடகன், தமனகன் எனப்படுவர். இந்நான்கு பெயர்களையும் தமிழாசிரியர் யாவரும் அறிவர். இவற்றோடு ஐந்தாவதாகவும் ஒரு பெயர் உண்டு. வணிகனின் வண்டியில் சஞ்சீவகனோடு ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட மற்றோர் எருதின் பெயர் அது. நந்தகன் என்பது அவ்வெருது. கதையின் வாயிலில் ஒருமுறை பெயர் சொல்லப்பட்டதும் அது வண்டியோடு போய்விடுகிறது. அதன்பின் கதைக்கு அது வேண்டப்படுவதில்லை.

இத்தகைய துணைமாந்தர் ஒருவரின் பெயரை ஆராய்வதால் விளையும் பயன் யாது என்னும் வினா எழலாம். பெருமாந்தரின் பெயர்களைக் கதை சொல்வோர் தம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றுவர், விளக்குவர், அழகுபடுத்துவர். சிறுமாந்தரின் பெயர்களை அவ்வாறு பொருட்படுத்துவார் இலர். ஆகவே அவை வந்த வழியின் சுவடுகளைக் கூடுதலாகத் தாங்கி நிற்கும் வாய்ப்பு உண்டு. நந்தகன் என்னும் பெயர் அத்தகைய ஒன்று. அப்பெயரின் பொருளையும், அது மேற்கிலும் கிழக்கிலும் சென்ற வழிகளையும், மலேசியத் தமிழ்க் கல்விக்கு, சிறப்பாகப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப்பள்ளிகளுக்கு, அதனால் கிடைக்கும் பயனையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

கதையில் நந்தகனின் இடம்

தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்னும் நகரில் வர்த்தமானகன் என்னும் வணிகன் வாழ்ந்தான். அவன் பொருளீட்டும் பொருட்டு மதுரா நகர் நோக்கிப் புறப்படுகையில் வண்டியில் பூட்டிய எருதுகளே நந்தகனும் சஞ்சீவகனும். வழியில் யமுனைக் கரைக் காட்டில் சஞ்சீவகன் கால் ஊனமுற்று வீழ்கிறான். வணிகன் சில நாள் காத்திருக்கிறான். பின்னர்க் காவலுக்கு ஆட்களை வைத்துவிட்டு ஏனையோருடன் தொடர்ந்து செல்கிறான். காவலர்கள் காட்டுக்கு அஞ்சி, எருது இறந்துவிட்டதாகப் பொய் கூறி வணிகனைச் சென்று சேர்கின்றனர். எருதோ பசும்புல் மேய்ந்து, உடல் தேறி, களிப்பால் முழங்குகிறது. நீர் பருக வந்த சிங்கம் அம்முழக்கம் கேட்டு அஞ்சுகிறது. அந்த அச்சத்திலிருந்தே கதை முழுவதும் பிறக்கிறது.

இவ்வமைப்பில் நந்தகனுக்குரிய பணி மிகச் சிறிது. வண்டிக்கு இரண்டு எருதுகள் வேண்டும். ஆதலால் இரண்டாவது எருது வேண்டும். எனினும் கதையாசிரியர் அதனைப் பெயரின்றி விட்டுவிடவில்லை. காவலர்க்குப் பெயரில்லை, வண்டியோட்டிக்குப் பெயரில்லை, விட்டுச் செல்லப்படாத எருதுக்குப் பெயருண்டு.

நாராயணர் இயற்றிய இதோபதேசத்திலும் நந்தகன், சஞ்சீவகன் என்னும் பெயர்கள் இணையாகவே வருகின்றன. ஆங்கே வணிகனின் ஊர் சுவர்ணவதி. அவன் செல்லுமிடம் காசுமீரம். சஞ்சீவகன் வீழ்ந்தபின் வர்த்தமானன் தர்மபுரம் என்னும் நகருக்குச் சென்று, பேருடல் வாய்ந்த வேறோர் எருதைக் கொணர்ந்து நுகத்தில் பூட்டிப் பயணத்தைத் தொடர்கிறான். நந்தகன் புதிய துணையோடு அதே பாரத்தை இழுத்துச் சென்றான் என்பது இதனால் பெறப்படுகிறது. மற்ற எருது என்ன ஆயிற்று என்னும் வினாவுக்கு வடமொழி மரபு தரும் விடை இவ்வளவே.

பெயரின் வேர்ப்பொருள்

பஞ்சதந்திர முதற்கதையின் பெயர்களை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். வர்த்தமானகன், சஞ்சீவகன், நந்தகன், பிங்கலகன், கரடகன், தமனகன் ஆகிய அனைத்தும் வடமொழியில் 'க' என்னும் இறுதியைக் கொண்டவை. தமிழில் அது 'கன்' என ஆண்பால் ஈறு பெற்றது. இவ்விறுதி சில பெயர்களில் செய்பவனைக் குறிக்கும். சிலவற்றில் சிறுமையையோ அன்பையோ உணர்த்தும். கதைமாந்தர்க்குப் பெயரிடும் பழக்கத்தில் இது ஓர் அச்சுப் போல் அமைந்துவிட்டது எனலாம்.

ஒவ்வொரு பெயரும் அதற்குரியவரின் இயல்பையோ கதைப்பணியையோ சுட்டுகிறது. வர்த்தமானகன் வளர்பவன், வணிகனுக்கு அது தகும். பிங்கலகன் பழுப்பு மஞ்சள் நிறத்தவன்; சிங்கத்தின் நிறம் அது. தமனகன் அடக்குபவன், அரசனையே தன் சொல்லுக்குள் அடக்கியவன் அவன். கரடகன் என்பது காக்கையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. கதையில் அவன் எச்சரித்துக் கரைபவனாகவே இருக்கிறான். தமிழ் மாணவர் செவியில் அது கரடியை நினைவூட்டக்கூடும்; ஆயினும் கரடிக்கும் அப்பெயருக்கும் உறவில்லை. சஞ்சீவகன் என்பதற்கு நன்கு வாழ்பவன், உயிர் பெற்றெழுந்தவன் எனப் பொருள் கொள்ளலாம். இறந்ததாகக் கூறப்பட்டுப் பிழைத்தெழும் எருதுக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைப்பதரிது.

இனி, நந்தகன் என்பதன் வேர் 'நந்த்' என்னும் வடமொழி வினையடி. அது மகிழ்தலைக் குறிக்கும். ஆகவே நந்தகன் என்பவன் மகிழ்பவன், பிறரை மகிழ்விப்பவன் ஆவான். தமிழில் நாள்தோறும் வழங்கும் ஆனந்தம், நந்தவனம், நந்தினி ஆகிய சொற்கள் இவ்வேரின் கிளைகளே. சிவபெருமான் ஊர்தியாகிய நந்தியின் பெயரும் இதன்பாற்பட்டது. திருமாலின் வாளுக்கு நந்தகம் என்று பெயர். பேயாழ்வார் அவ்வாளின் அம்சமாகத் தோன்றியவர் என்பது வைணவ மரபு. இவ்வாறு சைவத்தின் எருதும் வைணவத்தின் வாளும் ஒரே வேரிலிருந்து பெயர் பெற்று நிற்கின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழிலும் 'நந்து' என்னும் வினை உண்டு. அது பெருகுதலையும் குறிக்கும், கெடுதலையும் குறிக்கும். திருக்குறள் 235ஆம் பாவில் வரும் 'நத்தம்' என்னும் சொல்லை இவ்வினையோடு இணைத்து ஆக்கம் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். கல்வெட்டுகளில் பயிலும் நந்தா விளக்கு என்பதோ அணையாத, கெடாத விளக்கு. இவ்வினையைக் கொண்டு நந்தகன் என்னும் பெயருக்குப் பொருள் கூறின், அவன் பெருகியவனும் ஆவான், கெட்டவனும் ஆவான். கேட்பதற்குச் சுவையாக இருப்பினும் இது வேர்விளக்கம் ஆகாது. ஒலி ஒத்திருத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பதை மாணவர்க்கு உணர்த்த இப்பெயர் நல்லதோர் எடுத்துக்காட்டு.

மேற்கு வழி: திரிந்த பெயரும் அதன் சான்றும்

பாரசீகப் பேரரசன் முதலாம் குசுரூ 531 முதல் 579 வரை ஆண்டவன். அவன் காலத்தில் மருத்துவர் புர்சோய் என்பார் இந்தியக் கதைகளைப் பகலவி மொழியில் பெயர்த்தார் என்பது மரபு. அப்பகலவி நூல் மறைந்துவிட்டது. அதன் வழியாக 6ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியிலும், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவால் அரபு மொழியிலும் செய்யப்பட்ட பெயர்ப்புகள் நிலைபெற்றன. அரபு நூலின் பெயர் 'கலீலா வ திம்னா'. கரடகனும் தமனகனுமே அவ்வாறு உருமாறினர். சிரியாக் வடிவமோ கலீலக், தம்னக் என்று அவற்றைக் காட்டுகிறது. வடமொழியின் ககர இறுதி சிரியாக்கில் எஞ்சி நிற்பதையும், அரபில் அது மறைந்துவிட்டதையும் இங்குக் காண்கிறோம்.

அரபு நூலில் வணிகனின் எருதுகள் இரண்டும் பெயரோடு வருகின்றன. சஞ்சீவகன் ஷன்ஸபா ஆனான். பல படிகளில் ஷத்ரபா எனவும் காணப்படுகிறான். அரபு எழுத்தில் நகரத்துக்கும் தகரத்துக்கும், ஸகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு புள்ளிகளால் மட்டுமே அமைவது. புள்ளிகள் தவறியபோது பெயரும் தவறியது. நந்தகனின் பெயர் பந்தபா என ஆயிற்று. சொல்லின் முதலில் நிற்கும் நகரமும் பகரவொலி எழுத்தும் வடிவில் ஒன்றே; புள்ளி மேலிருப்பின் ஒன்று, கீழிருப்பின் மற்றொன்று. இறுதியில் 'பா' வந்தமைக்கு இணையெருதின் பெயரொலி காரணமாகலாம் என்று கருத இடமுண்டு. நுகத்தில் இணைந்தவை ஒலியிலும் இணைந்துவிட்டன.

பந்தபா என்னும் சொல்லில் மகிழ்ச்சி இல்லை, பொருளே இல்லை. ஆயினும் வரலாற்று நோக்கில் அது பெருமதிப்புடையது. பொருளிழந்த அப்பெயர் அரபு நூலில் இருப்பதால், பகலவிப் பெயர்ப்புக்கு அடிப்படையான இந்திய மூலத்தில் நந்தகன் இருந்தான் என்பது தெளிவாகிறது. அதாவது, இரண்டாம் எருதின் பெயர் 6ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்கு முன்னரே கதையில் நிலைபெற்றிருந்தது. பிற்காலச் சுவடியாளர் எவரும் சேர்த்த பெயரன்று அது. சிறுமாந்தரின் பெயரை எவரும் திருத்த முயலாமையே இங்குச் சான்றாக அமைந்தது.

கிழக்கு வழி: துணையெருது தலைவனாதல்

மேற்கே பொருளிழந்த பெயர் கிழக்கே தலைமை பெற்றது. பழஞ்சாவக மொழியில் 'தந்திரி காமந்தகம்' என்னும் உரைநடை நூல் உண்டு. இதனை ஹொய்காஸ் என்னும் டச்சு அறிஞர் 1931இல் பதிப்பித்தார். அந்நூலில் சிங்கத்தின் நண்பனாகும் எருதின் பெயர் நந்தகன். சிங்கம் சண்டபிங்கலன் எனப்படுகிறது. சூழ்ச்சி செய்யும் நரி சம்படன் எனப்படுகிறது. சஞ்சீவகன் என்னும் பெயருக்கு அங்கு இடமில்லை. துணையெருது தலைமை எருதாகிவிட்டது.

இக்கிளையின் சட்டகக் கதையும் வேறு. பஞ்சதந்திரத்தில் விஷ்ணுசர்மன் என்னும் முதியவர் அறிவு குன்றிய அரசிளங்குமரர் மூவருக்குக் கதை கூறுவார். தந்திரி மரபிலோ, நாள்தோறும் புதுமணம் நாடும் அரசனுக்கு அமைச்சன் மகள் தந்திரி கதைமேல் கதையாகச் சொல்லி அவன் மனத்தை மாற்றுகிறாள். தாய், லாவோ மொழிகளிலும் இக்கதைகள் பரவின. அங்கு எருதின் கதை நந்தகப் பிரகரணம் என்பதன் திரிந்த வடிவங்களால் வழங்குகிறது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. வடமொழிப் பஞ்சதந்திரம் முதற்பகுதிக்கு மித்திரபேதம் என நீதிப்பொருளால் பெயரிட்டது. தென்கிழக்காசியா அதே பகுதியை எருதின் பெயராலேயே அழைத்தது.

இக்கிளை இந்தியாவின் எப்பகுதியிலிருந்து புறப்பட்டது? தந்திரி சட்டகத்தோடு உறவுடைய தந்த்ரோபாக்யானம் என்னும் வடமொழி நூல் தென்னிந்தியச் சுவடிகளிலிருந்து திருவனந்தபுரத்தில் 1938இல் பதிப்பிக்கப்பட்டது. கன்னடத்தில் 1031ஆம் ஆண்டளவில் பஞ்சதந்திரம் இயற்றிய துர்க்கசிம்மர் தாம் வசுபாகபட்டரின் நூலைப் பின்பற்றியதாகக் கூறுகிறார். சாவக நூலும் வசுபாகரின் பெயரை அறியும். இவற்றால், நந்தகனைத் தலைவனாகக் கொண்ட கிளைக்குத் தென்னிந்தியத் தொடர்பு உண்டு என்பது வலுப்பெறுகிறது. தமிழ் வணிகர் கீழ்த்திசைக் கடலில் இயங்கியமைக்குத் தக்குவாபாவின் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சான்றுகள். அக்கல்வெட்டுகள் கதையைப் பற்றிப் பேசுவன அல்ல; கதை செல்வதற்கு வழி இருந்தது என்பதையே அவை காட்டுகின்றன.

சஞ்சீவகனை விடுத்து நந்தகன் என்னும் பெயரை இக்கிளை தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் என்ன? நம் கருத்து வருமாறு: சைவம் வேரூன்றிய தென்னாட்டிலும் சாவகத்திலும் எருது என்றாலே நந்தி நினைவுக்கு வரும். நந்தகன் என்னும் பெயர் அந்நினைவோடு எளிதில் இயைந்தது. சஞ்சீவகன் என்பது எந்த உயிர்க்கும் பொருந்தும் பெயர். நந்தகன் என்பதோ எருதுக்கே உரியது போல் ஒலிக்கும் பெயர். மொழி கடந்து செல்லும் கதை, கேட்போரின் உள்ளத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற பெயரைப் பற்றிக்கொள்வது இயல்பு.

மலாய் மொழி: இரு வழிகளும் கூடுமிடம்

மேற்கு வழியும் தென்னிந்திய வழியும் கூடுமிடம் மலாய் இலக்கியம். அரபு, பாரசீக மரபைச் சார்ந்து வந்தது 'ஹிகாயத் கலீலா டான் டமினா'. தமிழிலிருந்து நேரே வந்தது 'ஹிகாயத் பஞ்ச தந்தெரான்'. பின்னதை 1835இல் பெயர்த்தவர் மலாய் நவீன உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அவர் சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் பயின்றதாகத் தம் வரலாற்று நூலில் கூறுகிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு இருந்த வழக்கம் என்றும், கணக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் அது பயன்பட்டது என்றும் அவர் குறிப்பிடுவது தமிழின் அன்றைய நிலையை உணர்த்துகிறது.

நூற்பெயரே தமிழ்வழிக்குச் சான்று பகர்கிறது. 'பஞ்ச' என்பதில் ஞகரத்தை அடுத்த சகரத்தையும், 'தந்திரம்' என்பதில் நகரத்தை அடுத்த தகரத்தையும் தமிழர் மெலித்து ஒலிப்பர். மலாய் நூலின் தலைப்பு அவ்வொலிப்பையே காட்டுகிறது. வடமொழியிலிருந்து நேரே வந்திருப்பின் இரண்டும் வல்லோசையாகவே நின்றிருக்கும். கடை என்னும் தமிழ்ச்சொல் மலாயில் 'கெடாய்' ஆனதும், தண்டல் 'தண்டில்' ஆனதும், முதல் 'மோடல்' ஆனதும் இத்தகைய செவிவழிப் பேறுகளே.

அப்துல்லாவின் பெயர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1826இல், சென்னைக் கல்விச் சங்கத்துத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை வெளிவந்தது. அதே ஆண்டில் அபே துபுவா தமிழ், தெலுங்கு, கன்னட வடிவங்களைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் ஆக்கிய நூல் பாரிசில் வெளியாயிற்று. தமிழ்ப் பஞ்சதந்திரம் பத்தாண்டுக் காலத்துக்குள் பிரெஞ்சுக்கும் மலாய்க்கும் ஊற்றாக இருந்தது என்பது தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டிய செய்தியாகும்.

இன்னொரு குறிப்பும் உண்டு. மலாயாத் தீபகற்பத்துக் காடுகளில் கதையில் வரும் குறுநரி இல்லை. ஆயினும் 'செரிகாலா' என்னும் சொல் மலாயில் உண்டு. அது வடமொழிச் 'சிருகால' என்பதன் திரிபு. விலங்கு வராத நாட்டுக்கு அதன் பெயர் வந்து சேர்ந்தது. மண்ணுக்குரிய மலாய்க் கதைகளில் நரியின் சூழ்ச்சிப் பணியைக் காஞ்சில் என்னும் சருகுமான் ஏற்றுக்கொண்டது.

கேமரன் மலை வகுப்பறையில்

கேமரன் மலை, 1885இல் அங்கு நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குவது. அங்குப் 'போ' தேயிலைத் தோட்டம் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பாரால் தொடங்கப்பட்டது. தப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைந்த காலமும் அதுவே. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதன்பின் புதியவர் வரவு குன்றி, இருந்தவர்களே நிலைத்த குடிகளாயினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியமைக்கு அது ஒரு காரணம். தமிழகத்திலிருந்து வந்த வாசக நூல்கள் வழியாகப் பஞ்சதந்திரக் கதைகள் இப்பள்ளிகளை அடைந்தன.

இப்பள்ளிகளில் பயிலும் மாணவர் தமிழையும் மலாயையும் ஒருங்கே கற்பவர். தமிழ்ப்பாடத்தில் கரடகன், தமனகன் என்று கேட்பவரே மலாய் நூலில் கலீலா, டமினா என்று படிக்க நேரலாம். இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்லித் தருவார் இல்லையெனில், ஒன்று தம்முடையது, மற்றது பிறருடையது என்றே கொள்வர். மலாய் இலக்கியத்துக்குத் தமிழ் ஈந்த கொடையும் அவர்க்குத் தெரியாமற் போகும். இது சிறு இழப்பன்று. தோட்டத்துத் தமிழர் வரலாறு உழைப்பிலிருந்தே தொடங்குகிறது என்று எண்ணும் மாணவனுக்கு, தன் மொழி இந்நாட்டு எழுத்தில் 1835இலேயே பங்கு கொண்டது என்பதை அறிவது தன்மதிப்பைத் தரும்.

நந்தகன் கதையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் சொற்பொருளிலிருந்து தொடங்கலாம். ஆனந்தம், நந்தவனம், நந்தி ஆகியவை மாணவர் அறிந்த சொற்கள். அவற்றோடு நந்தகனைச் சேர்த்தால் பெயரின் பொருளை அவர்களே கண்டறிவர். அடுத்து, சிறுவர்க்கான பதிப்புகள் பெரும்பாலும் சஞ்சீவகன் ஒருவனையே பேணுவதால், வண்டியை இழுத்த மற்ற எருது என்ன ஆயிற்று என்னும் வினாவை எழுப்பலாம். இதோபதேசம் தரும் விடையைக் கூறலாம்: வீழ்ந்த எருதுக்கு மாற்றாக வேறோர் எருது பூட்டப்பட்டது, பயணம் நிற்கவில்லை. உழைக்க இயலாதவர் விலக்கப்பட்டு, அவ்விடத்தில் புதியவர் அமர்த்தப்பட்ட தோட்ட வாழ்வை அறிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்விடையின் கனம் விளங்கும்.

இவ்விடத்தில் இரு பெயர்களின் பொருள் வேறுபாடு நமக்கு உதவுகிறது. சஞ்சீவகன் என்பது பிழைத்ததைச் சொல்லும் பெயர். தமிழில் பிழைப்பு என்னும் சொல்லும் உயிர் தப்புதலையும் வாழ்வூதியத்தையும் ஒருங்கே குறிக்கும். மலாயாவுக்குப் பிழைக்க வந்தவர்கள் என்று நம் முன்னோரைக் குறிப்பது இன்றளவும் வழக்கு. அக்கூற்று உண்மையே, ஆயினும் முழுமையன்று. அவர்கள் கோயில் எழுப்பினர், திருவிழா எடுத்தனர், கூத்தும் பாட்டும் பயின்றனர், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினர். இவை பிழைப்புக்கு மட்டும் வேண்டப்படுவன அல்ல. பிழைத்தபின் வாழ்ந்ததைச் சொல்லும் பெயர் நந்தகன் என்பது. காட்டில் விடப்பட்ட எருது உயிர் தப்பியதனால் சிங்கம் அஞ்சவில்லை. தேறிய எருது களிப்பால் முழங்கியதனாலேயே அஞ்சியது. கதையை நகர்த்தியது அக்களிப்பு. தென்கிழக்காசிய மரபு எருதை அக்களிப்பின் பெயரால் அழைத்தது என்பது நாம் கொள்ளும் ஒரு வாசிப்பே. வேர்ப்பொருளும் கதைநிகழ்ச்சியும் அவ்வாசிப்புக்கு இடந்தருகின்றன.

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, ரிங்லெட் போன்ற நகரங்களுக்கும் சமவெளிக்கும் பெயர்ந்தன. தோட்டப்பள்ளிகள் மாணவர் எண்ணிக்கையைக் காக்க முயலும் காலம் இது. இந்நிலையில் பாடநூலின் ஒவ்வொரு கதையும் பண்பாட்டு வரலாற்றுக்கு ஒரு வாயிலாகப் பயன்பட வேண்டும். பெயர்களை மனப்பாடப் பொருளாக மட்டும் கொள்ளாது, பொருளும் வழியும் உடைய சொற்களாகக் கற்பித்தால் அவ்வாயில் திறக்கும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், நந்தகன் என்னும் பெயர் மகிழ்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது என்பதும், 6ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்கு முன்னரே பஞ்சதந்திரத்தில் இடம்பெற்றது என்பதும், அரபில் பந்தபாவாகப் பொருளிழந்தது என்பதும், தென்னிந்தியத் தொடர்புடைய கிளையின் வழியாகச் சாவகம், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளில் தலைமை பெற்றது என்பதும் பெறப்பட்டன. ஒரே நுகத்தில் பூட்டிய இரு பெயர்களுள் ஒன்றை மேற்கும் மற்றொன்றைக் கிழக்கும் தலைமை எருதுக்கு உரியதாக்கின. மேற்கு வழியையும் தமிழ் வழியையும் ஒருசேரப் பெற்றது மலாய் மொழி. அம்மொழியையும் தமிழையும் நாள்தோறும் பயிலும் மலேசியத் தமிழ் மாணவன் இவ்வரலாறு முழுவதற்கும் உரியவன். அவ்வுரிமையை அவனுக்கு உணர்த்துவது நம் ஆசிரியர்களின் கடன்.